கருவை வைப்பதற்கு முன் மரபணுப் பரிசோதனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் ஒரு குழந்தையின்மை சிகிச்சை மையத்தில் மரபணு ஆலோசகராக இருக்கிறேன். டாக்டர் அறையில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்த பிறகுதான் பலருக்குச் சந்தேகமே வரும். சிலருக்கு வீட்டுக்குப் போய் ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் வரும். ஒரே கேள்வியை வாரத்துக்கு நான்கு பேர் கேட்பதால் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். உங்கள் டாக்டரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போக இது உதவினால் போதும்.

பி.ஜி.டின்னா என்ன? ஐ.வி.எஃப் பண்ணினாலே அதுவும் சேர்ந்து வந்துடுமா?

வராது. முட்டையையும் விந்தணுவையும் லேபில் சேர்த்துக் கருவாக்கி, அதைக் கர்ப்பப்பையில் வைப்பது ஐ.வி.எஃப். பி.ஜி.டி (PGT, கருவை வைப்பதற்கு முன் செய்யும் மரபணுப் பரிசோதனை) அதற்கு நடுவில் செய்யப்படும் தனி வேலை. கரு ஐந்தாம் நாளையோ ஆறாம் நாளையோ எட்டியதும் அதிலிருந்து சில செல்களை எடுத்து, அவற்றின் மரபணுவைப் படித்துப் பார்க்கிறார்கள். ரிப்போர்ட் வரும்வரை கரு மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறைந்திருக்கும். அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ, தேறிய கருவை எடுத்து வைப்பார்கள்.

இந்த டெஸ்ட் எந்தக் கருவையும் சரிசெய்வதில்லை. பாதிக் குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. இருக்கிற கருக்களில் எதை வைக்கலாம் என்று பொறுக்கித் தருகிறது, அவ்வளவுதான். பொறுக்க ஒன்றும் இல்லை என்றால் டெஸ்ட்டாலும் ஒன்றும் ஆகாது.

பில்லுல பி.ஜி.டி ஏ-ன்னு போட்டிருக்கு. என் நாத்தனாருக்கு பி.ஜி.டி எம்-ன்னு இருந்துச்சு. ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. மூன்று வகை உண்டு. குடும்பத்தில் ஓடுகிறது என்று ஏற்கெனவே தெரிந்த ஒரே ஒரு ஜீன் கோளாறைத் தேடுவது எம். தலசீமியா (ரத்தச் சிவப்பணு சரியாக உருவாகாத நோய்), எஸ்.எம்.ஏ (அந்தப் பதினாறு கோடி ரூபாய் ஊசிச் செய்திகளில் வருமே, தசைகளைத் தளர வைக்கும் அந்த நோய்), டுஷென் தசைச் சிதைவு, ஹீமோஃபிலியா (ரத்தம் சரியாக உறையாத நோய்) எல்லாம் இதில் வரும். குரோமோசோம் (ஜீன்களைச் சுமக்கும் இழை) எண்ணிக்கை சரியாக 46 இருக்கிறதா என்று பார்ப்பது ஏ. கணவன் மனைவியில் ஒருவருக்குக் குரோமோசோம் துண்டு இடம் மாறி ஒட்டியிருந்தால், அது கருவில் சமன் குலைந்து இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பது எஸ்.ஆர். பழைய ரிப்போர்ட்டுகளில் பி.ஜி.டி (PGD), பி.ஜி.எஸ் (PGS) என்று தனித்தனியாக இருக்கும். அன்றைய பி.ஜி.டிதான் இன்றைய எம், அன்றைய பி.ஜி.எஸ் இன்றைய ஏ.

என் அனுபவத்தில், எம் கேட்டு வருகிறவர்களுக்குத் தங்கள் கேள்வி என்ன என்று நன்றாகத் தெரியும். "இந்த நோய் இந்தக் கருவில் இருக்கிறதா?" என்பதுதான் அது. ஏ விஷயத்தில் கேள்வியே இல்லாமல் பதிலைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் அதிகம்.

அஞ்சு நாள் கருவுல இருந்து பிச்சு எடுத்தா குழந்தைக்குக் கை கால் குறையாதா மேடம்?

குறையாது. ஐந்தாம் நாள் கருவை பிளாஸ்டோசிஸ்ட் என்பார்கள். நூறு செல்லுக்கு மேல் இருக்கும், நீர் நிரம்பிய குட்டிப் பந்து மாதிரி. உள்ளே ஓர் ஓரமாக ஒட்டியிருக்கும் செல் கொத்துதான் குழந்தையாகும். வெளிச்சுவர் நஞ்சுக்கொடியாகும். எம்ப்ரியாலஜிஸ்ட் (லேபில் கருவைக் கையாளும் நிபுணர்) லேசர் வைத்து அந்த வெளிச்சுவரிலிருந்து ஐந்து முதல் பத்து செல் வரை எடுப்பார். அந்த நிலையில் கை, கால் என்று எதுவும் இன்னும் பிரிந்திருக்காது.

முன்பு மூன்றாம் நாளிலேயே செய்தார்கள். அப்போது கருவில் மொத்தம் எட்டு செல்தான் இருக்கும். அதில் ஒன்றை எடுப்பது பெரிய இழப்பு. 2007இல் நெதர்லாந்தில் செய்த ஆய்வில், 35 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு அந்த முறையால் கர்ப்பம் தரிப்பது கூடவில்லை, குறைந்தே போனது. அதனால்தான் ஐந்தாம் நாளுக்கு மாறினார்கள். இப்போதும் பயாப்ஸியிலோ (இப்படிச் செல் எடுப்பதிலோ) உறைய வைத்து எடுக்கும்போதோ ஒரு கரு வீணாக வாய்ப்பு உண்டு. அது சிறிய வாய்ப்பு. எவ்வளவு சிறியது என்பது செய்கிறவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது. "உங்கள் லேபில் எவ்வளவு காலமாக பயாப்ஸி செய்கிறீர்கள்?" என்று தாராளமாகக் கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

நாங்க சொந்தத்துல கட்டினவங்க. அப்போ கண்டிப்பா செய்யணுமா?

சொந்தம் என்ற காரணத்துக்காக மட்டும் நேராக இந்த டெஸ்ட்டுக்குப் போக வேண்டாம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒரு கல்யாணத்துக்கு மேல் சொந்தத்தில்தான் நடக்கிறது. அவர்களில் பெரும்பாலானோருக்கு ஆரோக்கியமான குழந்தைகள்தான். அத்தை மகன், மாமன் மகள் என்றால் மரபணுவில் எட்டில் ஒரு பங்கு பொது. அக்கா மகளைக் கட்டிய தாய்மாமன் என்றால் நான்கில் ஒரு பங்கு. பொதுவாக நூறு குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்குப் பிறவிக் கோளாறு இருக்கிறது என்றால், மாமன் அத்தை பிள்ளைகள் கட்டிக்கொண்ட இடத்தில் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. தாய்மாமன் கல்யாணத்தில் இன்னும் கொஞ்சம் கூடும்.

பி.ஜி.டி எம் செய்ய, எந்த ஜீனில் எந்தப் பிழை என்று லேபுக்கு முதலில் தெரிய வேண்டும். முகவரி இல்லாமல் தபால் கொடுக்க முடியாது. ஆகவே சொந்தத்தில் கட்டியவர்கள் முதலில் செய்ய வேண்டியது, இருவரும் ரத்தம் கொடுத்து கேரியர் ஸ்கிரீனிங் (நோய் இல்லாமலேயே பழுதான ஜீனைச் சுமக்கிறீர்களா என்ற டெஸ்ட்) பார்ப்பது. இருவருக்கும் ஒரே ஜீனில் பிழை இருந்தால் எம் பற்றிப் பேசலாம். குடும்பத்தில் சின்ன வயதில் இறந்த குழந்தை, காரணம் தெரியாத வளர்ச்சிக் குறைபாடு இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். "பாட்டிக்கு எட்டாவதா ஒண்ணு பிறந்து தவறிடுச்சாம்" என்று போகிற போக்கில் சொல்லும் ஒரு வரி எங்களுக்குப் பெரிய துப்பு.

எங்க ரெண்டு பேருக்கும் ஒரு நோயும் இல்ல. பையனுக்கு மட்டும் தலசீமியா எப்படி வந்துச்சு?

நீங்கள் இருவரும் கேரியர். ஒவ்வொரு ஜீனும் நம்மிடம் இரண்டு பிரதியாக இருக்கிறது. ஒன்று பழுதாக இருந்தாலும் இன்னொன்று வேலையைப் பார்த்துக்கொள்ளும். ரத்தம் கொஞ்சம் வெளிறி இருக்கும், அவ்வளவுதான். பல பேர் இதை இரும்புச்சத்துக் குறைவு என்று நினைத்து வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டிருப்பார்கள். ஒவ்வொரு கர்ப்பத்திலும் இருவரின் பழுதுப் பிரதியும் சேர்ந்து வர நான்கில் ஒரு வாய்ப்பு. இரண்டு வாய்ப்பு உங்களைப் போலவே கேரியராக. ஒரு வாய்ப்பு சுத்தமாக எதுவும் இல்லாமல். முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றுக்கு வராது என்று கணக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு முறையும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது.

நீலகிரியில் இருளர், குறும்பர், பணியர் மக்களிடையே காணப்படும் சிக்கிள் செல் நோய்க்கும் இதே கணக்குத்தான்.

எங்களுக்குக் குழந்தை தானாவே நிக்குது. இதுக்காக ஐ.வி.எஃப் பண்ணணுமா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஆனால் கேட்கிறவர்கள் குறைவு. மேலே சொன்ன மாதிரி தம்பதிகளுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. இயல்பாகக் கர்ப்பமாகி, 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடியில் ஊசி வைத்துச் சிறிது திசு எடுத்து டெஸ்ட் செய்யலாம். சி.வி.எஸ் என்பார்கள். செலவு ஐ.வி.எஃப்பில் ஒரு சிறு பங்குதான், ஹார்மோன் ஊசிகள் கிடையாது. நான்கில் மூன்று வாய்ப்பு, நல்ல செய்தி வருவதற்கு. நாலாவது வாய்ப்பு வந்தால், கர்ப்பத்தைத் தொடர்வதா வேண்டாமா என்று மூன்றாம் மாதத்தில் முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவை ஒருமுறை எடுத்தவர்கள் இரண்டாம் முறை எடுக்க முடியாமல்தான் பெரும்பாலும் பி.ஜி.டிக்கு வருகிறார்கள்.

எது உயர்ந்தது என்று நான் சொல்வதில்லை. ஆனால் சி.வி.எஸ் என்ற ஒன்று இருப்பதே தெரியாமல் நகையை அடகு வைத்து ஐ.வி.எஃப்புக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தப்பு.

எம் டெஸ்ட்டுக்கு லேப்ல ரெண்டு மாசம் கேக்குறாங்க. என் மாமனார் மாமியார் ரத்தம் எல்லாம் எதுக்கு?

எடுக்கிற செல்கள் ஐந்தோ பத்தோ. அதிலிருக்கும் டி.என்.ஏவைப் பல லட்சம் மடங்கு நகலெடுத்துத்தான் படிக்க முடியும். நகலெடுக்கும்போது இரண்டு பிரதிகளில் ஒன்று விட்டுப்போகலாம். பழுதுப் பிரதி விட்டுப்போனால் நோயுள்ள கருவும் நல்ல கரு போலத் தெரியும். அதனால் அந்த ஒரு பிழையை மட்டும் பார்க்காமல், அதற்கு அக்கம்பக்கத்தில் இருக்கும் அடையாளங்களையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். பஸ் நம்பர் அழிந்திருந்தாலும் கண்டக்டரையும் ரூட்டையும் வைத்து நம் பஸ்தான் என்று கண்டுபிடிப்பது மாதிரி. எந்த அடையாளம் பழுதுப் பிரதியோடு சேர்ந்து வருகிறது என்று தெரிய, பாதித்த குழந்தையின் ரத்தம் வேண்டும். அது இல்லாவிட்டால் உங்கள் இருவரின் பெற்றோர் ரத்தம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் இதைப் புதிதாகத் தைக்க வேண்டும், ரெடிமேட் கிடையாது.

ஒரு கசப்பான விஷயமும் உண்டு. மரபணு நோய் என்று சந்தேகம் இருந்து, குழந்தை ஐ.சி.யுவில் இருக்கும்போது, ரத்தத்திலிருந்து டி.என்.ஏ எடுத்துச் சேமித்து வைக்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். அந்த நேரத்தில் இதைப் பேசுவது கொடுமை, தெரியும். இரண்டு வருடம் கழித்து அந்தச் சிறு குப்பிதான் அடுத்த குழந்தைக்கு வழிகாட்டும்.

எனக்கு 29 வயசு. ஏ டெஸ்ட் பண்ணினா முதல் தடவையே நின்னுடும்னு சொல்றாங்க. உண்மையா?

உங்கள் வயதில் அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. 2019இல் வெளியான ஸ்டார் என்ற ஆய்வில் 25 முதல் 40 வயது வரை 661 பெண்கள் இருந்தார்கள். டெஸ்ட் செய்து கரு வைத்தவர்களுக்கும், பார்வைக்கு நன்றாக இருந்த கருவை வைத்தவர்களுக்கும் மொத்தத்தில் கர்ப்பம் தொடர்ந்த விகிதத்தில் பெரிய வித்தியாசம் வரவில்லை. 2021இல் சீனாவிலிருந்து 1212 பெண்களை வைத்து ஒரு ஆய்வு வந்தது. எல்லோரும் 37 வயதுக்கு உட்பட்டவர்கள், கையில் மூன்று நல்ல பிளாஸ்டோசிஸ்ட்டாவது உள்ளவர்கள். ஒரு வருடத்தில் மூன்று முறை வரை கரு வைத்துக் கணக்குப் பார்த்தபோது, டெஸ்ட் செய்தவர்களில் 77.2 சதவீதம் பேர் குழந்தை பெற்றார்கள். டெஸ்ட் செய்யாதவர்களில் 81.8 சதவீதம். ஆம், செய்யாதவர்கள்தான் அதிகம்.

இது எப்படி என்று கேட்பீர்கள். பொறுக்குவதால் புதிய கரு உருவாவதில்லை என்று முதலிலேயே சொன்னேன். உங்களிடம் நான்கு கரு இருந்து அதில் மூன்று நல்லதென்றால், ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனாலும் நல்லது ஒன்று வந்துவிடும். டெஸ்ட் தப்பாகக் கழித்துவிட்ட கருவோ திரும்ப வராது. அந்தச் சீன ஆய்வில் கருச்சிதைவு மட்டும் டெஸ்ட் செய்தவர்களுக்குக் கொஞ்சம் குறைந்திருந்தது: 12.6க்குப் பதில் 8.7 சதவீதம். பிரிட்டனின் கண்காணிப்பு அமைப்பும் இப்படித்தான் பிரித்துச் சொல்கிறது. குழந்தை பிறக்கும் வாய்ப்பைக் கூட்டுவதில் பெரும்பாலானவர்களுக்குச் சிவப்பு விளக்கு, கருச்சிதைவைக் குறைப்பதில் பச்சை விளக்கு.

அப்போ 39 வயசுல?

இங்கே பேச இடம் இருக்கிறது. வயது ஏற ஏற முட்டையில் குரோமோசோம் பிரிவது பிசகும். 30 வயதில் ஐந்தாம் நாள் கருக்களில் ஏறக்குறைய கால்வாசி எண்ணிக்கை தவறியிருக்கும். 40இல் பாதியைத் தாண்டும். 44இல் பத்தில் எட்டுக்கு மேல். நான்கைந்து கரு கையில் இருந்தால், எதை முதலில் வைப்பது என்று தெரிவதால் வீணான மாதங்களும், கலைந்துபோகும் கர்ப்பங்களும் குறையும். 39 வயதில் ஆறு மாதம் என்பது சின்ன விஷயமில்லை.

ஒரே ஒரு கரு இருந்தால்? அதை டெஸ்ட் செய்வதால் அது நல்ல கருவாகிவிடாது. நானாக இருந்தால் அப்படியே வைத்துவிடச் சொல்வேன். இதற்கு மாறாகச் சொல்லும் டாக்டர்களும் உண்டு. கலைந்துபோவதைத் தாங்க முடியாது என்கிற பெண்ணுக்கு அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

மூணு தடவை கலைஞ்சிடுச்சு. டெஸ்ட் பண்ணினா இனிமே கலையாதா?

முதலில் நீங்கள் இருவரும் கேரியோடைப் டெஸ்ட் (உங்கள் குரோமோசோம்களின் எண்ணிக்கையையும் அமைப்பையும் பார்ப்பது) செய்யுங்கள். சாதாரண ரத்தப் பரிசோதனைதான். சுமார் 500 பேரில் ஒருவருக்குக் குரோமோசோம் துண்டுகள் இடம் மாறியிருக்கும். அவர்கள் நூறு வயது வரை நன்றாக வாழ்வார்கள், ஆனால் கரு திரும்பத் திரும்பக் கலையலாம். அப்படி வந்தால் எஸ்.ஆர் உங்களுக்கானது. முடிந்தால் கலைந்த கருவின் திசுவையும் அனுப்புங்கள். முதல் மூன்று மாதத்தில் கலைவதில் பாதிக்கு மேல் குரோமோசோம் கோளாறால்தான். திசு ரிப்போர்ட் "குரோமோசோம் சரி" என்று வந்தால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. தைராய்டு, கர்ப்பப்பை அமைப்பு, ரத்தம் உறையும் கோளாறு என்று அந்தப் பக்கம் தேட வேண்டும்.

இரண்டும் பார்க்காமல் நேராக ஏ டெஸ்ட் எழுதிக் கொடுத்தால், ஏன் என்று ஒருமுறை கேளுங்கள்.

பதினொரு முட்டை எடுத்தாங்க. கடைசில ஒண்ணுதான் நார்மல்னு வந்திருக்கு. மத்ததெல்லாம் எங்க போச்சு?

இந்தக் கேள்வி பெரும்பாலும் அழுகையோடு வரும். யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. பதினொன்றில் எட்டோ ஒன்பதோதான் முதிர்ந்த முட்டையாக இருக்கும். அதில் ஆறேழு கருவாகும். ஐந்தாம் நாளை மூன்று எட்டும். மூன்றில் ஒன்றோ இரண்டோ தேறும். இது சராசரிக் கதைதான், உங்கள் உடம்பில் தனிக் குறை இல்லை. எம் டெஸ்ட்டும் சேர்ந்தால் அதிலும் நாலில் ஒன்று கழியும். அதனால்தான் எம்முக்கு வருகிறவர்களிடம், இரண்டு முறை முட்டை எடுக்க வேண்டி வரலாம் என்று முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

எம் ரிப்போர்ட்டில் "கேரியர்" என்று வரும் கருவை ஒதுக்கிவிடாதீர்கள். தலசீமியா கேரியர் கருவை வைக்கலாம். அந்தக் குழந்தை உங்களைப் போலவே இருக்கும், நீங்கள் இத்தனை வருடம் இருந்த மாதிரி.

ரிப்போர்ட்ல மொசைக்குனு போட்டிருக்கு. தூக்கிப் போட்டுடலாமா?

அவசரப்படாதீர்கள். எடுத்த செல்களில் சில சரி, சில தவறு என்றால் மொசைக். அந்தச் செல்கள் நஞ்சுக்கொடியாகப் போகும் சுவரிலிருந்து வந்தவை என்று மேலே சொன்னேன். சுவரில் கறை இருந்தால் உள்ளேயும் கறை இருக்க வேண்டும் என்பதில்லை. 2015இல் ரோமில் ஒரு குழு, வேறு கருவே இல்லாத 18 பெண்களுக்கு மொசைக் கருவை வைத்துப் பார்த்தது. ஆறு பேருக்கு ஆரோக்கியமான குழந்தை பிறந்தது. அதற்கு முன்பு உலகமெங்கும் எத்தனை மொசைக் கருக்கள் குப்பைக்குப் போயிருக்கும் என்று நினைத்தால் எனக்கே ஒரு மாதிரி இருக்கும்.

நார்மல் கரு இருந்தால் முதலில் அதை வைப்பார்கள். இல்லாவிட்டால், மொசைக் விகிதம் குறைவா, எந்தக் குரோமோசோம் என்று பார்த்து முடிவெடுக்கலாம். கர்ப்பம் நின்றால் பனிக்குட நீர்ப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது.

நார்மல் கருன்னுதானே சொன்னீங்க? அப்புறம் ஏன் நிக்கல?

நார்மல் என்றால் குரோமோசோம் எண்ணிக்கை சரி என்று அர்த்தம். கரு தங்குவதற்கு அது ஒரு காரணம் மட்டுமே. எண்ணிக்கை சரியான கருவை வைத்தாலும் ஒரு முறைக்கு ஐம்பது, அறுபது சதவீதம்தான் நிற்கிறது. மீதியைக் கேட்டால் யாரிடமும் முழுப் பதில் இல்லை. பெட் ரெஸ்ட் எடுக்காததாலோ மாடிப்படி ஏறியதாலோ இல்லை. இதை மாமியாரிடமும் காட்டுங்கள்.

எல்லாக் குரோமோசோமும் பாக்குறாங்கன்னா, ஆணா பொண்ணான்னு தெரியுமே. எங்களுக்கு மட்டும் சொல்லக் கூடாதா?

லேபின் மெஷினுக்குத் தெரியும். உங்களுக்குச் சொன்னால் குற்றம். கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம், கருவுறும் முன்பே பாலினம் தேர்வதையும் சேர்த்துத் தடுக்கும்படி திருத்தப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்தது. கேட்கிறவருக்கே முதல் முறை மூன்று ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. 2021இல் வந்த ஐ.வி.எஃப் சட்டப்படி, பாலினம் தேர்ந்தெடுத்துத் தருகிறோம் என்று ஒரு மையம் விளம்பரம் செய்தாலே ஐந்து முதல் பத்து ஆண்டு சிறை, அல்லது 10 முதல் 25 லட்சம் அபராதம், அல்லது இரண்டும். ஆகவே இங்கே வரும் ரிப்போர்ட்டில் பாலினத்தைக் காட்டும் எக்ஸ், ஒய் குரோமோசோம் பகுதியை மறைத்துத்தான் அனுப்புவார்கள். துபாயிலிருந்தோ பாங்காக்கிலிருந்தோ சொந்தக்காரர் அனுப்பும் விளம்பரத்தை எனக்கு ஃபார்வர்ட் செய்ய வேண்டாம்.

ஒரு வேடிக்கை என்னவென்றால், 1990இல் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் இந்தத் தொழில்நுட்பம் ஆரம்பித்ததே பாலினம் பார்த்துத்தான். ஆண் குழந்தைகளை மட்டும் தாக்கும் நோய்கள் உள்ள குடும்பங்களில், ஜீனை நேராகப் படிக்க அப்போது வழி இல்லை. அதனால் பெண் கருவை மட்டும் வைத்தார்கள். இப்போது ஜீனையே படிக்க முடிவதால், டுஷென், ஹீமோஃபிலியா குடும்பங்களுக்கு "பாதிப்பு உண்டு", "இல்லை" என்று மட்டும் ரிப்போர்ட் வந்தால் போதும்.

பி.ஜி.டி செஞ்சாச்சு. அப்புறம் எதுக்கு மறுபடியும் என்.டி ஸ்கேன், அனாமலி ஸ்கேன்?

ஏ டெஸ்ட் எண்ணிக்கை பார்த்தது. எம் டெஸ்ட் ஒரே ஒரு ஜீனைப் பார்த்தது. இதயத்தில் ஓட்டை, உதடு பிளவு, முதுகுத்தண்டுக் கோளாறு, ஆட்டிசம் எதையும் இவை பார்ப்பதில்லை. ஸ்கேன் எல்லாம் வழக்கம்போல வேண்டும். எம் செய்தவர்கள் மேலே சொன்ன சி.வி.எஸ்ஸையோ 16 வாரத்துக்கு மேல் பனிக்குட நீர்ப் பரிசோதனையையோ செய்து உறுதிப்படுத்தச் சொல்கிறோம். தவறு அபூர்வம், ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது.

தவறுக்கு யாரும் எதிர்பார்க்காத ஒரு காரணம் சொல்கிறேன். கரு வைக்கும் மாதத்தில் தம்பதி சேர்ந்திருந்து, வைத்த கரு நிற்காமல் இயல்பாக உருவான கரு நின்றுவிடும். லேப் மேல் பழி விழும். எனவே எம் தம்பதிகள் அந்த மாதம் ஆணுறை பயன்படுத்த வேண்டும். சொல்லக் கூச்சப்பட்டு ஆலோசகர்களே சில சமயம் விட்டுவிடுகிறார்கள்.

இப்ப செல்லே எடுக்காம, கரு வளர்ற தண்ணியிலயே டெஸ்ட் பண்றாங்களாமே?

கரு வளரும் திரவத்தில் அதன் டி.என்.ஏ துணுக்குகள் கொஞ்சம் கசியும். அதைப் படிக்கும் முயற்சி நடக்கிறது. ஆனால் அந்தத் திரவத்தில் தாயின் செல் டி.என்.ஏவும் கலந்திருக்கலாம். ஆஸ்திரேலியாவில் ஒரு பெரிய ஐ.வி.எஃப் நிறுவனம் இப்படி ஒரு டெஸ்ட்டை விற்று, முடிவுகள் சரியில்லை என்று 2020இல் நிறுத்தியது. நல்ல கருக்களை இழந்திருக்கலாம் என்று 700 பேர் அளவில் வழக்குப் போட, 2024இல் 5.6 கோடி ஆஸ்திரேலிய டாலர் கொடுக்க ஒத்துக்கொண்டது. இப்போதைக்கு இதை மட்டும் நம்பி ஒரு கருவைக் கழிக்காதீர்கள்.

பெரியவனுக்கு மஜ்ஜை கொடுக்கிற மாதிரி ஒரு குழந்தை பெத்துக்கலாம்னு படிச்சோம். முடியுமா?

முடியும், இந்தியாவிலேயே நடந்திருக்கிறது. அகமதாபாத்தில் தலசீமியா அண்ணனுக்குப் பொருந்தும்படி தேர்ந்த கருவிலிருந்து ஒரு தங்கை பிறந்தாள். 2020இல் அவளுடைய மஜ்ஜை அண்ணனுக்கு வைக்கப்பட்டது. கணக்கு மட்டும் கடினம். நோய் இல்லாமல் இருக்க நாலில் மூன்று, திசு பொருந்த நாலில் ஒன்று. இரண்டும் சேர்ந்தால் பதினாறில் மூன்று. ஆறு கரு இருந்தால் ஒன்று கிடைத்தால் பெரிது.

இதற்கு வருகிறவர்களிடம் நான் ஒன்று கேட்பேன்: மாற்றுச் சிகிச்சை பலிக்காமல் போனாலும் இந்தக் குழந்தை உங்களுக்கு வேண்டுமா? "வேண்டும்" என்று உடனே சொன்னவர்களும் உண்டு. ஒரு வாரம் கழித்து வருகிறோம் என்று போனவர்களும் உண்டு.

உயரமா, நல்லா படிக்கிற குழந்தையா பாத்து வைக்க முடியுமா?

முடியாது. இந்தியச் சட்டமும் தெரிந்த, பரம்பரையாக வரும் நோய்களைப் பார்ப்பதற்காகத்தான் இந்தப் பரிசோதனையை அனுமதிக்கிறது. அமெரிக்காவில் சில கம்பெனிகள் இப்படி மதிப்பெண் போட்டு விற்கின்றன. 2019இல் வந்த ஒரு கணக்கீட்டின்படி, பத்துக் கருவில் சிறந்ததைப் பொறுக்கினாலும் சராசரிக்கு மேல் கிடைப்பது சுமார் இரண்டரை சென்டிமீட்டர் உயரம். அதற்குச் செருப்பே போதும்.

பில்லு எப்படிப் பாக்குறது? ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு ரேட் சொல்றாங்க.

ரேட்டை விட, அதில் என்ன அடங்கும் என்று கேளுங்கள். பயாப்ஸி கட்டணம் தனியா? லேப் கட்டணம் கருவுக்கு இவ்வளவா, மொத்தமாகவா? எம்முக்கான குடும்ப முன்வேலைக் கட்டணம் எவ்வளவு, கரு எதுவும் ஐந்தாம் நாளை எட்டாவிட்டால் திருப்பித் தருவார்களா? உறைய வைக்கும் வாடகை, பிறகு கரு வைக்கும் செலவு? நூறில் சில கருக்களுக்கு ரிப்போர்ட்டே வராது. மறுபடி பயாப்ஸி செய்தால் அது யார் கணக்கு? ஃபோனில் வேண்டாம், தாளில் எழுதி வாங்குங்கள்.

பாதிப்பு இருக்குன்னு வந்த கருவை என்ன செய்வாங்க?

உங்கள் கையெழுத்து இல்லாமல் எதுவும் செய்யக் கூடாது. வைக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் அப்புறப்படுத்துவார்கள். உங்கள் சம்மதத்தோடு அங்கீகாரம் பெற்ற ஆராய்ச்சிக்கூடத்துக்குத் தரலாம். சேமித்து வைப்பது பத்து ஆண்டு வரைதான். எந்தக் கிழமை அப்புறப்படுத்துவீர்கள் என்று கேட்டு, அன்று கோயிலுக்குப் போய் வந்த ஒரு தம்பதி உண்டு.

இதையெல்லாம் வீட்டுல சொல்லணுமா? தெரிஞ்சா என் தங்கச்சிக்கு வரன் வராது.

பி.ஜி.டி செய்ததை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அது உங்கள் இருவர் விஷயம். மாமனார் மாமியார் ரத்தம் தேவைப்பட்டால் மட்டும் அவர்களுக்குக் காரணம் சொல்லித்தான் ஆக வேண்டும். பொய் சொல்லி ரத்தம் எடுக்க நாங்கள் உதவ மாட்டோம்.

ஆனால் நீங்கள் தலசீமியா கேரியர் என்றால், உங்கள் தங்கையும் கேரியராக இருக்கக் குறைந்தது பாதி வாய்ப்பு. அவளுக்குத் தனியாகச் சொல்லுங்கள். எச்.பி.எல்.சி என்ற ரத்தப் பரிசோதனை, பெரும்பாலான லேபுகளில் செய்கிறார்கள். அவள் கேரியர் என்று வந்தாலும் கல்யாணத்துக்குத் தடை இல்லை. மாப்பிள்ளையும் அதே டெஸ்ட்டைச் செய்து, அவர் கேரியர் இல்லை என்று வந்தால், அவர்கள் குழந்தைக்கு இந்த நோய் வராது. ஜாதகத்தோடு ஒரு ரத்த ரிப்போர்ட்டும் கேட்பதற்கு இப்போது யாரும் ஆச்சரியப்படுவதில்லை. போன மாதம் ஒரு பெண் அப்படித் தன் தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். "அக்கா ரத்தம் எடுக்க மட்டும்தான் கூப்பிட்டா, வேற ஒண்ணும் சொல்லல" என்று தங்கை என்னைப் பார்த்தாள். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். விளக்கிச் சொல்ல எனக்கு இருபது நிமிஷம் ஆனது.